அகத்தில் உள்ளது முகத்தில் தெரியுமா?

(வல்லக்கோட்டையில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்காக நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மதிய உணவுக்குப் பிறகு என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். உங்கள் முகங்களைப் பார்த்தால் பாதிப் பேருக்குத் தூக்கம் வருகிறது என்று தெரிகிறது. பாருங்கள், யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

நம் தொழிலே இதில்தான் ஓடுகிறது. வகுப்பில் நாற்பது முகங்கள். எந்த முகத்துக்குப் பாடம் புரிந்தது, எது புரிந்த மாதிரி நடிக்கிறது, எது வீட்டில் அடி வாங்கிவிட்டு வந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் நாம் பாடம் நடத்துகிறோம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று பழமொழி சொல்கிறோம். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, 71ஆவதும் 110ஆவதும். உள்ளத்து உணர்வு உடலில் எப்படி வெளிப்படுகிறது என்பதற்குத் தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. முகத்தின் மேல் நமக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கை என்னை ஒரு நாள் தவறு செய்ய வைத்தது. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. சிறப்பாசிரியரும் அல்ல. உங்களைப் போல வகுப்பாசிரியை. ஒரு மாணவனால் இதையெல்லாம் படிக்க வேண்டி வந்தது, அவ்வளவுதான்.

அவன் அப்போது நான்காம் வகுப்பு. பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன். கணக்கு நன்றாகப் போடுவான். நம் ஒரகடம் சாலையில் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீளமான லாரிகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு எத்தனை சக்கரம், எத்தனை கார் ஏறும் என்று எல்லாம் சொல்லுவான். ஆனால் பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டான். சன்னலைப் பார்ப்பான், இல்லையென்றால் என் வளையலைப் பார்ப்பான். அம்மாவுக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு முறைதான் வந்திருந்தார்.

ஒரு நாள் காலையில், பக்கத்து வரிசைப் பையன் ஒருவன் ஓடி வந்து தடுக்கி விழுந்து, மோவாய் பெஞ்சில் இடித்து ரத்தம். பையன் அலறுகிறான். பிள்ளைகள் எல்லாம் பயந்து நிற்கிறார்கள். நான் துணியை வைத்து அழுத்திக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறேன். தம்பி சிரித்துக்கொண்டு இருக்கிறான். நன்றாகப் பல் தெரிய.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "அவனுக்கு ரத்தம் வருது, உனக்குச் சிரிப்பா இருக்கா?" என்று கத்தினேன். அவன் சன்னல் பக்கம் திரும்பினான். "என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுடா" என்று மோவாயைப் பிடித்துத் திருப்பினேன். அவன் இன்னும் அதிகமாகச் சிரித்தான். கையால் காதில் அடித்துக்கொண்டான். எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். வெளியே போய் நில் என்று வராந்தாவுக்கு அனுப்பினேன்.

அடிபட்ட பையனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால், வராந்தாவில் தம்பி இல்லை.

அடுத்த நாற்பது நிமிடத்தை நான் சொல்ல மாட்டேன். இந்தச் சாலையில் எப்படி லாரிகள் போகும் என்று உங்களுக்குத் தெரியும். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாலை ஓரத்திலேயே நின்று லாரிகளை எண்ணிக்கொண்டு இருந்தானாம். நான் மூச்சு வாங்க ஓடிப் போய் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. போகிற லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "டீச்சர், அவனுக்கு ரத்தம் நின்னுடுச்சா?"

அன்று மாலைக்குள் அதே கேள்வியைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பான். மறுநாளும் கேட்டான்.

மாலையில் அம்மா ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராகப் பள்ளிக்கு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "டீச்சர், அவன் பயந்தா சிரிப்பான். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், ஷிப்ட்டுல வர முடியல" என்றார்.

அந்த ஒரு வரி எனக்கு முன்பே தெரிந்திருந்தால்? அல்லது, அந்த வரியை நானே தேடிப் போய்க் கேட்டிருந்தால்?

வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் மூலம் மதிப்பீட்டு முகாமுக்கு அனுப்பினோம். ஆட்டிசம் என்று சொன்னார்கள். தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். பெற்றோர் ஆட்டிசம் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அதுவும் ஒன்று.

அதன் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். ஒரு முகத்தைப் பார்த்து அதில் உள்ள உணர்ச்சியை அறிவது என்றால் மூளையில் என்ன நடக்கிறது? அவன் மூளையில் அது எப்படி நடக்கிறது?

நமக்கு முகம் தெரிவது கண்ணில் தொடங்கி மூளையின் பின்பகுதிக்குப் போகிறது. அங்கிருந்து மூளையின் அடிப்பக்கமாக, காதுகளுக்கு உள்ளே இருக்கும் பகுதி வழியாக முன்னே வருகிறது. அந்தப் பாதையில் முகங்களுக்கென்றே சிறப்பாக வேலை செய்யும் இடங்கள் உண்டு. ஒரு முகத்தைக் கண்டதும் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரத்துக்குள் அங்கே மின் அலை எழுகிறது. அதோடு அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. இது முக்கியம், கவனி, ஆபத்தாக இருக்கலாம் என்று எச்சரிப்பது அதன் வேலைகளில் ஒன்று. இவையெல்லாம் சேர்ந்து வேலை செய்வதால்தான் உங்களுக்குத் தூக்கம் வருகிறது என்று நான் உடனே சொன்னேன்.

ஆட்டிசம் உள்ளவர்களில் இந்த வேலை வேறு விதமாக நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. ஆய்வுகள் சொல்வது சராசரி, உங்கள் வகுப்பில் இருப்பது ஒரு குழந்தை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆமி கிளின், வாரன் ஜோன்ஸ் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் 15 பேர், இல்லாதவர்கள் 15 பேர். எல்லோருக்கும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் காட்சிகளைக் காட்டி, அவர்களின் பார்வை திரையில் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். ஆட்டிசம் இல்லாதவர்கள் நடிகர்களின் கண்களையே பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் கண்களை அதைவிட மிகக் குறைவாகப் பார்த்தார்கள். வாயையும் உடலையும் சுற்றியிருந்த பொருள்களையும் அதிகம் பார்த்தார்கள். என் வளையல் எனக்கு நினைவுக்கு வந்தது.

சரி, ஏன் கண்ணைப் பார்ப்பதில்லை? அக்கறை இல்லாததாலா? 2005இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிம் டால்டன் குழுவினர் மூளை ஸ்கேனையும் கண் பார்வைப் பதிவையும் சேர்த்து எடுத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் எதிரில் இருக்கும் முகத்தின் கண்களை எவ்வளவு நேரம் பார்த்தார்களோ, அவ்வளவுக்கு அவர்களின் அமிக்டலா வேலை செய்தது. அதாவது எச்சரிக்கை மணி பலமாக அடித்திருக்கலாம். பேசத் தெரிந்த ஆட்டிச பெரியவர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். கண்ணைப் பார்த்தால் எரிகிற மாதிரி இருக்கிறது, கண்ணைப் பார்க்கும்போது நீங்கள் சொல்வது காதில் ஏறுவதில்லை என்கிறார்கள்.

நான் அன்று என்ன செய்தேன்? பயந்து போயிருந்த குழந்தையின் மோவாயைப் பிடித்து, அந்த மணி இன்னும் பலமாக அடிக்கும் இடத்துக்கே முகத்தைத் திருப்பினேன். அவன் சன்னல் பக்கம் திரும்பியது நான் சொல்வதைக் கேட்பதற்காகக்கூட இருந்திருக்கலாம்.

இன்னொரு ஆய்வை நம் ஊர் உதாரணத்தோடு சொல்கிறேன். என் பழைய மாணவன் ஒருவன் இங்கே ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறான். உதிரிபாகங்களைக் கேமராதான் பார்த்துப் பிரிக்கிறதாம். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது நல்லது, இது கெட்டது என்று கம்ப்யூட்டருக்குப் பழக்குவார்களாம். "எல்லாம் சரியா இருந்தும் சிக்னல் கொஞ்சம் கலங்கினா போதும் டீச்சர், நல்ல பீஸையும் சந்தேகப்பட்டுத் தள்ளிடும்" என்றான்.

கோஹிதிஜ் கர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது, படங்களைப் பார்த்துப் பழகும் அப்படிப்பட்ட செயற்கை நரம்பு வலைகளை வைத்தே 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பயந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மகிழ்ச்சி முகமாக மாறும் படங்களை ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் முன்பே காட்டிப் பதில் வாங்கியிருந்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள், முகத்தில் மகிழ்ச்சி இன்னும் கூடுதலாகத் தெரிந்த பிறகே அது மகிழ்ச்சி என்றார்கள். கர் அதே படங்களைச் செயற்கை வலைக்குக் காட்டினார். நான் சொன்னேனே, மூளையின் அடிப்பக்கப் பாதை, அதன் கடைசிப் பகுதியை ஒத்த அடுக்கில்தான் இந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்தது. அந்த இணைப்புகளில் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்தபோது, வலையின் பதில்கள் ஆட்டிசம் உள்ளவர்களின் பதில்களுக்கு நெருங்கி வந்தன.

இதிலிருந்து வகுப்பறைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். நம்முடைய லேசான புன்னகையும், லேசாக நெறித்த புருவமும் அந்தக் குழந்தைக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். நான் முறைத்தேனே, அப்போதே நிறுத்தியிருக்க வேண்டாமா என்று நாம் கேட்கிறோம். அந்த முறைப்பு அவனுக்குக் கலங்கலாகவே வந்திருக்கலாம்.

உடனே, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அடுத்தவர் உணர்ச்சி புரியாது என்று எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். 2013இல் ரிச்சர்ட் குக், ஜெஃப் பேர்ட் குழுவினர் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். தனக்குள் எழும் உணர்ச்சி என்னவென்றே இனம் காணவும் சொல்லவும் முடியாத நிலை ஒன்று உண்டு. அதன் பெயர் அலெக்சிதைமியா. அது ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் இருக்கலாம், ஆட்டிசம் உள்ளவர்களில் அதிகம். முக உணர்ச்சியை அறிவதில் உள்ள சிரமம் ஆட்டிசத்தைவிட அந்த நிலையோடுதான் பொருந்திப் போனது. ஆகவே சில ஆட்டிச குழந்தைகள் முகத்தை நன்றாகவே படிப்பார்கள். சிலருக்குத் தன் பயமே பயம் என்று தெரியாது, வயிற்று வலி என்று சொல்வார்கள். அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

கடைசியாக ஓர் ஆய்வு. எனக்கு மிகவும் உறைத்தது இதுதான். இதுவரை நாம் அவர்களுக்கு நம் முகம் புரிகிறதா என்றுதான் கேட்டோம். நமக்கு அவர்கள் முகம் புரிகிறதா? 2012இல் டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், ஒரு கருத்தை எழுதினார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அதை ஒரு பக்கத்தின் குறையாக மட்டும் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றார். 2016இல் எலிசபெத் ஷெப்பர்ட் குழுவினர் இதைச் சோதித்தார்கள். நான்கு விதமான நிகழ்வுகளை ஆய்வாளரே உண்டாக்கினார். அப்போது ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் முகங்களில் தெரிந்ததைப் படம் பிடித்தார்கள். ஆட்டிசம் இல்லாத பார்வையாளர்களிடம் அதைக் காட்டி, இவருக்கு என்ன நடந்திருக்கும் என்று கேட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் முகத்தை அவர்களால் மற்றவர்கள் முகத்தைப் போலச் சரியாகப் படிக்க முடியவில்லை. முகத்தில் உணர்ச்சி குறைவு என்பதால் வந்த சிரமமும் அல்ல. உணர்ச்சி இருந்தது, பார்த்தவர்களுக்கு அந்த மொழி தெரியவில்லை.

நம் பள்ளிகளில் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகள் வருகிறார்கள். கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் பேசுவது நமக்குப் புரியவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்குப் பேசத் தெரியாது என்றா சொல்கிறோம்? எனக்கு ஒடியா தெரியாது என்கிறோம். தம்பியின் முகத்தைப் பார்த்து நான் அப்படிச் சொல்லவில்லை. அவன் பயத்தைத் திமிர் என்று மொழிபெயர்த்தேன்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் நான் மாற்றிக்கொண்டவை சிலவற்றைச் சொல்கிறேன். காசு ஒன்றும் செலவில்லை.

முதலாவது, "என்னைப் பார்த்துப் பேசு" என்பதை விட்டுவிட்டேன். கவனிக்கிறானா என்று தெரிய வேண்டுமென்றால், "நான் இப்போ என்ன சொன்னேன்?" என்று கேட்கிறேன். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாலும் பதில் சரி என்றால் சரி.

இரண்டாவது, என் உணர்ச்சியை வாயால் சொல்கிறேன். "எனக்கு இப்ப கோபம் வந்திருக்கு. நீ புத்தகத்தைக் கிழிச்சதால கோபம். உன்னைப் பிடிக்காம இல்ல." இப்படிச் சொல்லப் பழகியபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது உதவியது.

மூன்றாவது, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி அகராதி உண்டு. சட்டை நுனியை முறுக்குவது, காதைப் பொத்துவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. தம்பிக்குச் சிரிப்பு என்றால் பயம், கேள்வி என்றால் அக்கறை. அந்த அகராதி அம்மாவிடமோ பாட்டியிடமோ இருக்கிறது. ஷிப்டில் இருக்கும் அம்மா பள்ளிக்கு வர முடியாது. நாம்தான் போனில் கேட்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்திலேயே, "உங்க பிள்ளை பயந்தா என்ன பண்ணுவான், எப்படிச் சமாதானப்படுத்துவீங்க?" என்று எல்லாப் பெற்றோரிடமும் கேட்டுக் குறித்து வைக்கிறேன்.

நான்காவது, மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். "அவன் பார்க்காமலே கேட்பான், சிரிச்சா பயம்னு அர்த்தம்" என்று சொன்னால் போதும். பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். மோவாயில் தையல் போட்டுக்கொண்டு வந்த பையனே பிறகு தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதைக் கேட்டுவிட்டு, முகம் பார்க்காத பிள்ளைக்கெல்லாம் ஆட்டிசம் என்று பட்டம் கட்டாதீர்கள். கூச்சம் இருக்கலாம், காது கேளாமல் இருக்கலாம், வீட்டில் பயம் இருக்கலாம். சந்தேகம் வந்தால் வட்டார வள மையத்துக்குச் சொல்லுங்கள். முட்டுக்காட்டில் நிப்மெட் என்ற ஒன்றிய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. கண்டறிவது அவர்கள் வேலை. அதுவரை காத்திருக்காமல் நம் முறையை மாற்றிக்கொள்வது நம் வேலை.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் முடிவாக ஒரு சொல். தம்பிக்கு இப்போது பதினான்கு வயது. உயரமாக வளர்ந்துவிட்டான், மீசை அரும்புகிறது. உங்களில் ஒருவருடைய வகுப்பில்தான் இருக்கிறான். ஒன்பது வயதில் அவன் சிரித்ததற்கு நான் வராந்தாவுக்கு அனுப்பினேன். பதினான்கு வயதுப் பையன், ஆசிரியர் திட்டும்போது முகத்தைப் பார்க்காமல் சிரித்தால் நாம் என்ன நினைப்போம் என்று உங்களுக்கே தெரியும். தலைமை ஆசிரியர் அறை, பெற்றோரை அழைத்து வா, மாற்றுச் சான்றிதழ் என்று அது எங்கே போய் நிற்கும் என்றும் தெரியும்.

அந்தச் சிரிப்பு உங்கள் வகுப்பில் வரும் நாளில், தயவுசெய்து ஒரு நிமிடம் பொறுங்கள். குரலைத் தாழ்த்துங்கள். அவன் எங்கே வேண்டுமானாலும் பார்க்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து அவன் ஏதாவது கேட்பான். அந்தக் கேள்வியில்தான் அவன் அகம் இருக்கும்.